பால் சங்கத்துக் கணக்கும் ஊர் முழுக்க முதலாளிகளும்

ஊரே சேர்ந்து நடத்துகிற ஒரு தொழிலுக்குக் கணக்கு எழுதுவது, ஊரே மாமியாராக இருக்கிற வீட்டில் சமைப்பது மாதிரி. ருசியாக இருந்தால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு கல் உப்பு கூடிவிட்டால் தெருவே அடுப்படிக்கு வந்துவிடும். பால் சங்கமோ நெசவாளர் சங்கமோ, எங்கேயாவது பேரேட்டைக் கட்டிக்கொண்டு மாரடித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களிடமும் இப்படிக் கதைகள் இருக்கும். என்னுடையதையும் கொஞ்சம் கேட்டுவையுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்து எண்பதுகளில் பெரும்பாதி வரை, நான் ஒரு கிராமத்துப் பால் உற்பத்தியாளர் சங்கத்தில் செயலாளராக இருந்தேன். சங்கரன்கோவிலில் மேலநீலிதநல்லூர் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, உள்ளே நடக்க வேண்டிய மானாவாரி ஊர். செயலாளர் என்றதும் பெரிய நாற்காலியை நினைத்துவிடாதீர்கள். காலையும் மாலையும் பாலைச் சோதித்து வாங்க வேண்டும், அவரவர் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும், சங்கரன்கோவில் குளிர்விப்பு நிலையத்துக்குப் போகிற வண்டியில் கேனை ஏற்றிவிட வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. இதற்கு நடுவில் கணக்கும் எழுத வேண்டும். எனக்குத் துணை பால் அளக்கிற சுடலை அண்ணன் மட்டும்தான்.

எருமையைப் பார்த்துக் கொடுத்த வேலை

நான் கரிவலம்வந்தநல்லூரில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அந்தச் சர்டிபிகேட் கல்யாணச் சேலைக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் சும்மா கிடந்தது. சங்கம் ஆரம்பித்த வருஷமே இரண்டு செயலாளர்கள் வந்து போய்விட்டார்கள். முதல் ஆள் வாத்தியார் மகன். மெட்ராஸில் வேலை கிடைத்ததும் சாவியைச் சுடலை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். அடுத்தவன் மாமனார் ஊரில் ரைஸ்மில் பார்க்கப் போனான். அவர்கள் எழுதிய கணக்கு, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்த மாதிரியே இல்லை.

ஒரு சாயங்காலம் சங்கத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மாமனாருக்குத் தம்பி முறை, அதனால் எனக்குத் தலைவர் மாமா. மருமகளைக் கணக்கு எழுத அனுப்பவேண்டும் என்று கேட்டார். ஆம்பளைகள் வந்து போகிற இடத்தில் வீட்டு மருமகள் எப்படி உட்காருவாள் என்று என் மாமியார் முகத்தைச் சுளித்தார். பாலைக் கறக்கிறதும் பொம்பளை, கொண்டு வருகிறதும் பொம்பளை, அங்கே ஆம்பளைக்கு என்ன சோலி என்று மாமா திருப்பிக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் ஆசை பொங்கியது. இருந்தாலும் கணக்கில் எனக்கு அவ்வளவு மார்க் இல்லை என்பதைச் சொல்லிவிட்டேன். அவர் தொழுவத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்த எங்கள் எருமையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மார்க்கு யாரு கேட்டா தாயி? நல்லா படிச்சவனெல்லாம் பஸ் ஏறிப் போயிருதான். நீ எங்க போவ, உன் எருமை இங்கனதான நிக்கு."

கேன் எங்கே தேய்ந்தது

முதல் மகாசபைக் கூட்டம் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், லாபம் எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு போனஸ் என்று கேட்க. வரவு செலவையும், சொத்தும் கடனும் காட்டுகிற ஐந்தொகையையும் நான் நின்று வாசிக்க வேண்டும். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. 'பால் கேன் தேய்மானம்' என்று ஒரு தொகையை வாசித்தேன் பாருங்கள், அங்கே பிடித்தது வினை.

வெள்ளைச்சாமி மாமா எழுந்தார். வாழ்நாள் முழுக்க ஆடு மேய்த்துவிட்டு, காலுக்கு முடியாமல் போனதால் இரண்டு எருமையோடு வீட்டில் உட்கார்ந்தவர். தேய்ந்த கேனைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். சுடலை அண்ணன் ஓடிப்போய் கேனைத் தூக்கிவந்தார். அது வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் கைமாறிக் கைமாறிப் போனது. தட்டிப் பார்த்தார்கள், உள்ளே கையை விட்டுத் தடவினார்கள். "புதுசாட்டம்லா இருக்கு" என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது. கழித்த பணம் யார் வீட்டுக்குப் போனது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் மாமா காப்பாற்றுவார் என்று திரும்பினால், அவரும் கேனின் அடிப்பாகத்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி பேசினேன். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எந்தச் சாமானும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் பழசாகிறது, அதனால் அதன் மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும், அப்படி ஒதுக்கி வைத்தால்தான் அது உடையும்போது புதுசு வாங்கப் பணம் இருக்கும், யார் வீட்டுக்கும் போகவில்லை என்றேன். வெள்ளைச்சாமி மாமா கேனை இன்னொருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு கேனைச் சுடலை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சரி, அது நியாயந்தான். அப்படியே என் முழங்காலுக்கும் ஒரு வரி எழுதிக்கோ மக்கா, கேனை விட அதுதான் சாஸ்தியாத் தேஞ்சிருக்கு."

யார் அந்த அனாமத்து

எங்கள் பாலுக்குப் பணம் அனுப்புகிற பெரிய ஆபீஸிலிருந்து வந்த பணத்தில் ஒருமுறை பதினாறு ரூபாய் சில்லறை கூடுதலாக வந்துவிட்டது. எதற்கு என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. நேரிலும் போய்க் கேட்டேன், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். விவரம் தெரியாத பணத்தை எங்கே வைப்பது என்று நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியும். அனாமத்துக் கணக்கில் வைத்தேன். அடுத்த மகாசபையிலும் வாசித்தேன், அதற்கு அடுத்ததிலும் வாசித்தேன்.

அந்த இரண்டாவது தடவை பொன்னுத்தாய் மதினி எழுந்துவிட்டாள். ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. வருஷம் தவறாமல் இந்த அனாமத்துக்கு மட்டும் பணம் நிற்கிறதே, அந்த ஆள் எந்தத் தெரு, ஒருநாளாவது பால் ஊற்ற வந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். கூட்டத்தில் சலசலப்பு. பக்கத்து ஊர்க்காரனாக இருக்கும் என்றார் ஒருவர். வெளியூர்க்காரனுக்கு நம்ம சங்கத்தில் என்ன வேலை என்றார் இன்னொருவர். தலைவர் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அனாமத்தை நேரில் கூப்பிட்டு விசாரிப்பதாக உறுதி சொன்னார்.

எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. அது ஆள் இல்லை, யாருடையது என்று தெரியாத பணத்தை வைத்திருக்கிற இடம், உடையவர் வந்து விவரம் சொல்லுகிற வரைக்கும் அது யாருக்கும் சொந்தமில்லை என்று சொன்னேன். பொன்னுத்தாய் மதினி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, தள்ளி நின்றுகொண்டிருந்த தன் புருஷனைக் கையைக் காட்டிச் சொன்னாள்: "அப்படின்னா இவுக சட்டைப்பையும் அனாமத்துதான். அதுல இருக்கது யாருட்ட வாங்குனதுன்னு இவுகளுக்கே தெரியாது."

தலைவர் வீட்டுப் பால்

பாலை வாங்குமுன் லாக்டோமீட்டரை அதில் மிதக்கவிட்டுப் பார்ப்போம். ஊரில் அதற்கு 'டிகிரி பார்க்கிறது' என்று பெயர். தண்ணீர் கலந்த பாலென்றால் கருவி ஆழமாக அமிழ்ந்துவிடும். அப்படி அமிழ்ந்தால் பாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'நிராகரிப்பு' என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில் காரணத்தையும் எழுத வேண்டும். மழை தப்பிப்போன ஒரு வருஷம். மாடுகளுக்குப் பச்சைப்புல் கிடையாது, எல்லா வீட்டிலும் பால் குறைந்துவிட்டது. ஒருநாள் காலையில் தலைவர் மாமாவின் சம்சாரம் கொண்டுவந்த பாலில் கருவியை விட்டேன். கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி இறங்கியது.

வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். சுடலை அண்ணன் அளவுப் படியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நான் அவரை அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், அந்த வீட்டில் கை நனைத்தவள், எனக்கு இந்த வேலையைக் கொடுத்ததே அவர் புருஷன். ஆனால் அந்த வரிசையில் முந்தின வாரம் நான் திருப்பியனுப்பிய பெண்ணும் நின்றிருந்தாள். "இன்னைக்கு வேண்டாம் அத்தை, டிகிரி இல்லை" என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அத்தை தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் 'நிராகரிப்பு' என்று எழுதி, காரணம் என்ற கட்டத்தில் 'தண்ணீர்' என்று எழுதினேன்.

வீட்டில் மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் தலைவர் மாமா சங்கத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, பதிவேட்டை விரித்து, அந்த வரியை விரல் வைத்து வாசித்தார். சாவியைக் கேட்பார் என்று நான் அதை மேஜை ஓரத்தில் எடுத்து வைத்தேன். அவர் சாவியைப் பார்க்கவேயில்லை. "எழுதுனது சரிதான். காரணத்துல மட்டும் தண்ணிக்குப் பதிலா மழைன்னு எழுதியிருக்கலாம்" என்றார். மழை எங்கே மாமா பெய்தது என்று கேட்டேன். பதிவேட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தார்: "அதுக்குத்தான் சொல்லுதேன். எழுதியாவது வச்சா வருதான்னு பாப்போம்."

பூனையின் சம்பளம்

எங்களுக்கு வந்துகொண்டிருந்த ஆடிட்டர் திருநெல்வேலிக்காரர், சின்ன வயசு, கண்டிப்பானவர். தணிக்கைக்கு வருகிற இடத்தில் ஒரு வாய் மோர் கூட வாங்கிக் குடிக்கமாட்டார். பால் சங்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கிற ஒருவரை ஊரில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வருஷம் ரசீதுக் கட்டின் ஓரத்தை எலி கடித்திருந்தது. 'பதிவேடுகள் முறையாகப் பாதுகாக்கப்படவில்லை' என்று குறை எழுதிவிட்டுப் போனார். எனக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது.

சுடலை அண்ணன் எங்கிருந்தோ ஒரு சாம்பல் நிறப் பூனையைக் கொண்டுவந்து விட்டார். எலித்தொல்லை நின்றது. பூனைக்குத் தினமும் ஒரு சின்னக் கிண்ணம் பால். அதை எழுதாமல் விட்டால் அளவு உதைக்குமே. நானும் கள்ளம் இல்லாமல், 'பூனைக்குப் பால்' என்று அன்றாடம் செலவு எழுதிக்கொண்டே வந்தேன். அடுத்த வருஷம் ஆடிட்டர் வந்தார். பக்கத்துக்குப் பக்கம் பூனை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சங்கத்துப் பாலை இனாமாகக் கொடுக்க விதியில் எங்கே இடமிருக்கிறது, இந்தப் பூனை உறுப்பினரா, உறுப்பினர் எண் என்ன என்று கேட்டார். மொத்தத் தொகையையும் என் சம்பளத்தில் பிடித்துவிடுவாரோ என்று பயந்து நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். பூனை அவருடைய பைக்கு மேலேயே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் செலவு கடைசியில் பாஸ் ஆனது. பாஸ் பண்ணும்போது ஆடிட்டர் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். காரணம், கேன் கழுவிக்கொண்டிருந்த சுடலை அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்ன பதில்: "உறுப்பினர் இல்ல சார், ஊழியர். போன வருசம் நீங்க எழுதுன குறைக்குத்தான் வேலைக்கு எடுத்தோம். சம்பளத்தைப் பாலா வாங்கிக்கிடுது."

கேன் நிறையாத மாதம்

அந்த மழையில்லாத வருஷத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வைக்கோல் விலை ஏற ஏற, மாடுகள் ஒன்றொன்றாகச் சந்தைக்குப் போயின. ஒரு நேரத்துக்கு இரண்டு கேன் ஏற்றிவிட்ட ஊரில் ஒரு கேனே நிறையாமல் போக ஆரம்பித்தது. ஒரு கேன் என்பது நாற்பது லிட்டர். ஒருநாள் பெரிய ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். கேன் நிறையாத ஊருக்காக மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வண்டி அனுப்ப முடியாது, டீசல் கட்டுப்படியாகாது என்றார். கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கு மேலேயும் கணக்குக் கேட்கிறவர்கள் இருந்தார்கள். இந்த மாத அறிக்கையில் நேரத்துக்கு ஒரு கேன் என்கிற சராசரி குறையாமல் இருந்தால் வண்டி வரும், இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி நின்றால் சங்கம் நிற்கும். சங்கம் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு வந்து பால் எடுத்த வியாபாரி வைத்ததுதான் அளவு, சொன்னதுதான் விலை. அந்தக் காலத்தை யாரும் மறந்திருக்கவில்லை.

தலைவர் மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அறிக்கையில் கொஞ்சம் கூட்டிப் போட முடியுமா என்று கேட்டார். குளிர்விப்பு நிலையத்திலும் அளந்துதானே மாமா இறக்குகிறார்கள் என்றேன். ஆட்டுப்பாலைச் சேர்த்தால் என்ன என்று வெள்ளைச்சாமி மாமா கேட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டு ஒரு பழைய கரும்பலகையை வாங்கிவந்து சங்கத்து வாசலில் மாட்டினேன். வண்டி விஷயத்தை ஒருவர் விடாமல் சொன்னேன். காலையும் மாலையும் பால் வாங்கி முடித்ததும், இந்த நேரத்துக்கு இத்தனை லிட்டர், கேன் நிறைய இன்னும் இத்தனை என்று சாக்பீஸில் எழுதினேன். மாதக் கடைசியில் நான் மட்டும் பார்க்கிற கணக்கை ஊரே அன்றாடம் பார்க்கட்டும் என்றுதான். முதல்நாள் காலையில் ஏழு லிட்டர் குறைந்தது. வாசிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு போனார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பொன்னுத்தாய் மதினி, ஏற்கனவே பால் ஊற்றிவிட்டுப் போனவள், ஒரு சின்னத் தூக்கோடு திரும்பி வந்தாள். வீட்டுக் காப்பிக்கு வைத்திருந்த பால். "இதையும் எழுதுட்டி" என்றாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. டம்ளரில் கொண்டுவந்தார்கள், செம்பில் கொண்டுவந்தார்கள். கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்காரி ஒருத்தி கொண்டுவந்தபோது பொன்னுத்தாய் மதினி வாசலிலேயே மறித்துத் திட்டித் திருப்பி அனுப்பினாள். தலைவர் வீட்டு அத்தை கொண்டுவந்த பாத்திரத்தை என் முன்னால் வைத்து, நான் கேட்குமுன்னே, கருவியைப் போட்டுப் பாரு என்றார். கருவி நிமிர்ந்து நின்றது. அத்தையும்தான். டீக்கடைக்காரர் சங்கத்தில் வாங்குகிற பாலை நிறுத்திவிட்டுக் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி மட்டும் விற்றார். என் மாமியாருக்குக் காப்பி குடிக்காமல் கண் திறக்காது. அவரும் தன் பங்கை ஊற்றிவிட்டு, அந்த மாதம் முழுக்க என்னிடம் சிடுசிடுவென்றே பேசினார். ஏழு குறைந்தது நாலானது, நாலு இரண்டானது. ஒரு காலையில் 'கேன் நிறைந்தது' என்று எழுதினேன். எழுதும்போது எழுத்து கோணலாகப் போயிற்று. யாரும் கைதட்டவில்லை. நின்று வாசித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

நிறைந்த கேன் பிறகு குறையவில்லை. ஆரம்ப நாட்களின் குறையை, கேனுக்கு மேலே வந்த நாட்கள் ஈடுகட்டிவிட்டன. மாத அறிக்கையில் ஒரு சொட்டு கூட்டாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைவர் மாமா தபாலை நம்பாமல், தானே சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். முடிவைக் கொண்டுவந்தது வண்டி டிரைவர்தான். வந்து இறங்கியதும், இந்த ஊருக்கு வண்டி வரலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். சுடலை அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நல்ல சேதி சொன்னவருக்கு வெறுங்கையோடு விடைகொடுக்க மனசு வராமல், டீக்கடையிலிருந்து ஒரு காப்பி வரவழைத்தேன். அவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. வண்டியில் ஏற்றியிருந்த கேனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு கடுங்காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "நாப்பது லிட்டரை என் வண்டியில ஏத்திவிட்டுட்டு, எனக்குக் கடுங்காப்பி தாரீய. எத்தனையோ ஊருக்கு வண்டி ஓட்டிட்டேன், இப்படி ஒரு ஊரைப் பாத்ததில்ல."

வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம் என்று ஆடிட்டர்கள் எனக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மாதம் ஊர் குடிக்காமல் விட்ட காப்பியை எந்தப் பக்கம் எழுதுவது என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.